விட்டு விட்டுக் கேட்ட டயல் டோன்

அத்தியாயம் 14

அகராதி என்று அவருக்குப் பெயர் வைத்தது யாரென்று இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. சொல்லுக்குச் சொல் பொருள் தெரிந்தவர் என்று பாராட்டி வைத்த பெயர் என்றே அவர் நம்பிக்கொண்டிருந்தார். அகராதி பிடித்த மனிதர் என்பதால்தான் வைத்தார்கள் என்பது அந்த அடுக்குமாடியில் பால் போடுகிறவருக்குக்கூடத் தெரியும்.

இயந்திரங்களின் கையேடுகளை மொழிபெயர்ப்பது அவர் தொழில். வெளியூர்ப் பதிப்பகம் ஒன்றுக்குப் பதினொரு வருஷமாகச் செய்கிறார். தண்ணீர்ப் பம்பு, தையல் மெஷின், எடை போடும் கருவி, எது வந்தாலும் சரி, ஒரு தடவைகூடக் கெடு தவறியதில்லை.

போன அத்தியாயத்தில் நடந்தது நினைவிருக்கும். பதிப்பகத்திலிருந்து வந்த பாராட்டுக் கடிதத்தை அவர் நண்பர் முன்னால் உரக்கப் படித்தார். "நடை தண்ணீர் மாதிரி ஓடுகிறது" என்று எழுதியிருந்தார்கள். நண்பர் சமையலறைப் பக்கம் திரும்பி, "இதுல உங்களுக்கும் பங்கு உண்டுதானேம்மா?" என்று கேட்டார்.

"இவளா? டைப் அடிக்கிறதோட சரி" என்றார் அகராதி.

மறுநாள், செவ்வாய்க்கிழமை காலையில், மனைவி ஒற்றைப் பையைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். மகளுக்குப் பள்ளி இறுதிப் பரீட்சை நடந்துகொண்டிருந்ததால் அவள் மட்டும் அப்பாவோடு தங்கினாள். தங்கினாள் என்றால் ஒரே கூரையின் கீழ் இருந்தாள், அவ்வளவுதான். பேச்சு வார்த்தை கிடையாது.

அன்று மாலையிலிருந்து கம்ப்யூட்டரும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. போன் லைன் வழியாக இணையத்தைப் பிடித்துத் தரும் மோடம் டயல் செய்ய மறுத்தது. எத்தனை முறை முயன்றாலும் திரையில் ஒரே பதில்: டயல் டோன் இல்லை.

அவள் வீட்டைவிட்டுப் போன நாளும் மோடம் படுத்த நாளும் ஒன்று. அகராதிக்கு அது போதும். போகிறவள் சும்மா போகவில்லை, எதையோ நோண்டிவிட்டுப் போயிருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்.

இன்று வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குள் ஆஸ்பத்திரிக் கருவிகளை ஆவியில் சுத்திகரிக்கும் ஸ்டெரிலைசரின் கையேடு நூற்று நாற்பது பக்கமும் மின்னஞ்சலில் போய்ச் சேர்ந்தாக வேண்டும். இரண்டு நாளாகப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தானே வைத்தியம் பார்த்ததில், மோடம் சரியாகாதது போக, இன்று காலை கம்ப்யூட்டரே எழுந்திருக்க மாட்டேன் என்று படுத்துவிட்டது.

வேறு வழியில்லாமல் போனை எடுத்தார். ரிசீவர் காதுக்குப் போவதற்குள் எண்ணை அழுத்தி முடிக்கிற ஆள் அவர்.

"கம்ப்யூட்டர் ஓடல. வந்து பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

*

மச்சினன் வரும்போது மணி இரண்டரை. கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் லேப் அவன் பொறுப்பில் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் இந்த வீட்டு இயந்திரத்தில் லினக்ஸ் இயங்குதளம் போட்டுக் கொடுத்தவனும் அவன்தான்.

கதவைத் திறந்த அகராதி வழிவிட்டு நின்றார். வா என்று சொல்லவில்லை.

"அக்கா அனுப்பல. நானாத்தான் வந்தேன்" என்றான் மச்சினன், செருப்பைக் கழற்றியபடி. எப்போதும் "அத்தான்" என்று தொடங்குகிறவன் இன்று அந்தச் சொல்லையே வாயில் எடுக்கவில்லை.

"யாரு அனுப்பினா என்ன? உன் அக்கா கெடுத்துட்டுப் போனதை நீ சரி பண்றே. கணக்கு நேராயிடும்."

"அவ இதைத் தொட்டாளா?"

"செவ்வாய்க்கிழமை அவ போனா. செவ்வாய்க்கிழமை இது கெட்டுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

மச்சினன் உள்ளறைக்குப் போனான். ஜன்னலோர மேஜையில் கம்ப்யூட்டர். அதன்மேல் தீப்பெட்டியை நாலு மடங்கு பெரிதாக்கினாற்போல மோடம். பக்கத்தில் அச்செடுத்த தாள்கள் ஒரு முழ உயரத்துக்கு. ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் பென்சிலால் பொடிப்பொடியாகத் திருத்தங்கள். அந்தக் கையெழுத்து மச்சினனுக்குச் சின்ன வயசிலிருந்து பழக்கம். மேல் தாளை ஒரு விரலால் நகர்த்திப் பார்த்தான்.

"டைப் அடிக்கிறவளுக்குப் பென்சில் எதுக்கு?"

"மெஷினைப் பார்க்கத்தான் கூப்பிட்டேன்."

மச்சினன் சுவிட்சைப் போட்டான். எழுத்துகள் சரசரவென்று மேலேறின. பாதியில் நின்றன. கடைசி வரியில், கர்னல் பேனிக்: இயந்திரத்தை இயக்கும் கருநிரலே திகைத்து நின்றுவிட்டது என்று அர்த்தம்.

"காலையிலேர்ந்து இதையேதான் சொல்லுது" என்றார் அகராதி.

"ராணுவக் கர்னலா இருந்தாக்கூட இந்த வீட்டுல ஒருநாள் தாக்குப்பிடிக்க மாட்டார். நீங்க என்ன பண்ணீங்க?"

"புத்தகத்துல இருந்தபடி புதுக் கர்னல் கட்டினேன். மோடத்துக்கு வேண்டியதைச் சேர்த்தேன். வேண்டாததை எடுத்தேன்."

"எது வேண்டாததுன்னு யாரு சொன்னா?"

"படிச்சாப் புரியாதா? எனக்கு வேலையே படிச்சுப் புரிஞ்சுக்கறதுதானே?"

மச்சினன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவன் குரல் உயரவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லையும் கல்லில் தட்டி வைப்பதுபோலப் பேசினான்.

"டிஸ்க்கை எப்படிப் படிக்கணும்கிற பகுதியை உள்ளேயிருந்து எடுத்துட்டீங்க. எடுத்து எங்கே வச்சீங்க? அதே டிஸ்க்குல. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வச்சுப் பூட்டிட்டு, பெட்டி திறக்கலேன்னு உட்கார்ந்திருக்கீங்க. இதை அக்கா பண்ணல."

அகராதியின் காதுமடல் சிவந்தது.

"அப்போ செவ்வாய்க்கிழமை மோடம் படுத்ததே, அது?"

"அதை அப்புறம் பார்க்கலாம். பழைய கர்னலை அழிச்சுட்டீங்களா?"

"இல்ல."

"அதுவரைக்கும் நிம்மதி."

இயந்திரத்தை அணைத்து மறுபடி எழுப்பினான். தொடக்கத்தில் ஒரு கணம் அது எந்தக் கர்னல் வேண்டும் என்று கேட்டு நிற்கும். அந்த இடத்தில் ஆங்கில எழுத்தில் 'பழசு' என்று அடித்தான். மூன்று வருஷத்துக்கு முன் அவனே வைத்த பெயர். எழுத்துகள் மேலேறின. இந்த முறை நிற்கவில்லை. கையேடு இருந்த இடத்தில் பத்திரமாக இருந்தது.

அகராதி மூச்சை விட்டார்.

"ஃப்ளாப்பில போட்டுக் கொடுங்க, கடைத்தெருவுல நெட் கடைக்குப் போய் அனுப்பிடறேன்" என்றான் மச்சினன்.

"படங்களோட மூணு மெகாபைட். ஃப்ளாப்பில பாதிகூட அடங்காது. மோடத்தைப் பாரு."

*

மோடத்துடன் நேராகப் பேசுகிற நிரலைத் திறந்தான். ஒரு கட்டளை அடித்தான். 'ஓகே' என்று வந்தது.

"இயந்திரத்துக்கும் மோடத்துக்கும் நடுவுல தகராறு இல்ல. கேபிள் நல்லாயிருக்கு. கர்னலும் நல்லாத்தான் இருந்துது, நீங்க கை வைக்கிற வரைக்கும்."

"குத்திக்காட்டாம வேலையைப் பாரு."

டயல் செய்யச் சொல்லிக் கட்டளையிட்டான். சிவப்பு விளக்கு எரிந்தது. டிக் என்று ஒரு சத்தம். இரண்டு நொடி கழித்து அதே பதில்: டயல் டோன் இல்லை.

மச்சினன் எழுந்துபோய்ப் போன் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தான். மூன்று நொடி கேட்டான். அவன் முகத்தில் ஏதோ ஒன்று மாறியது. சட்டென்று ரிசீவரை வைத்தான்.

"என்ன?" என்றார் அகராதி.

"ஒண்ணுமில்ல. லைன்ல கொஞ்சம் ஈரம்."

"மழையே பெய்யலையே."

"பூமிக்கடியில கேபிள் இருக்கு. எங்கேயாவது தண்ணி இறங்கியிருக்கும்." திரும்பி வந்து உட்கார்ந்து வேகமாக அடிக்கத் தொடங்கினான். "மோடம் டயல் டோனுக்காகக் காத்திருந்து ஏமாறுது. டோனைக் கேட்காமலே எண்ணைச் சுழற்றுன்னு ஒரு கட்டளை உண்டு. அதைப் போட்டுடறேன். கால் மணி நேரத்துல ஃபைல் போயிடும், நானும் போயிடுவேன்."

பதினொரு வருஷம் கையேடு படித்த மனிதருக்கு ஒன்று நன்றாகத் தெரியும். கோளாறைச் சரிசெய்வது ஒன்று, கோளாறைச் சுற்றிக்கொண்டு போவது இன்னொன்று. இத்தனை நேரம் ஒவ்வொரு தவறையும் பிட்டுப் பிட்டு வைத்தவன் இதைமட்டும் ஏன் மூடி மூடிப் போகிறான்?

அவர் போனிடம் போனார். வாழ்க்கையில் முதல்முறையாக, எந்த எண்ணையும் அழுத்தாமல், ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு வெறுமனே கேட்டார்.

டயல் டோன் இருந்தது. ஆனால் ஒரே இழையாக இல்லை. விக்கல் எடுத்தவன் பேச முயல்வதுபோல விட்டு விட்டு, விட்டு விட்டுக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் நீண்ட ஒலியாக மாறியது.

மோடத்தோடு வந்த சின்னப் புத்தகம் இழுப்பறையில் கிடந்தது. எடுத்தார். கோளாறுகள் பகுதி. விரலை வரிவரியாக இறக்கிக்கொண்டு வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"டயல் டோன் விட்டு விட்டு ஒலித்தால் மோடம் அதை டயல் டோன் என்று கண்டுகொள்ளாது போகலாம்" என்று வாய்விட்டே பெயர்த்துச் சொன்னார். "உங்கள் தொலைபேசிக்குக் குரல் அஞ்சல் வசதி இருந்து, கேட்கப்படாத தகவல் காத்திருக்கும்போது, இவ்வாறு ஒலிக்கும்."

"ஈரம் இல்ல" என்றார் அகராதி. "தகவல். யாரோ பேசி வச்சிருக்காங்க. என் வீட்டுல, எனக்குத் தெரியாம, குரல் அஞ்சல்."

"அது அம்மா வாங்கினது."

இருவரும் திரும்பினார்கள். பரீட்சை முடிந்து வந்த மகள் பையைத் தோளிலிருந்து இறக்காமல் அறை வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"அஞ்சு தடவை மணி அடிச்சு யாரும் எடுக்கலேன்னா அதுல பதிவாகும். நீங்கதான் போனே எடுக்க மாட்டீங்களே. அம்மா தினமும் கேட்டுட்டு அழிச்சுடுவாங்க. செவ்வாய்க்கிழமையிலேர்ந்து கேட்க ஆள் இல்ல."

"உனக்குத் தெரியும். தெரிஞ்சும் நாலு நாளா நான் மண்டையை உடைச்சுக்கறதைப் பார்த்துட்டு இருந்தே."

"நீங்க கேட்கல. அம்மாதான் கெடுத்தாங்கன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அதுக்கப்புறம் நான் சொல்ல என்ன இருக்கு?"

"அத்தான்" என்றான் மச்சினன். அன்றைய முதல் அத்தான். "மணி நாலு பத்து. முதல்ல ஃபைலை அனுப்புவோம். இதை அக்கா வந்து கேட்டுப்பா."

அந்தக் கெஞ்சல்தான் கெடுத்தது. அகராதி ரிசீவரை எடுத்தார். தகவலைக் கேட்க அழுத்தவேண்டிய எண் புத்தகத்தில் இல்லை. மகளைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போன் டைரக்டரியின் முன்பக்கத்தைப் புரட்டி எண்ணைக் கண்டுபிடித்து அழுத்தினார்.

புதிய தகவல்கள் இரண்டு என்றது இயந்திரக் குரல். ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்திவிட்டார், எல்லோரும் கேட்கட்டும் என்று. அவள் மானம் போகட்டும் என்றுதான் அழுத்தினார்.

"வணக்கம்மா, பதிப்பகத்திலேர்ந்து பேசறேன்." பதினொரு வருஷமாக அவருக்குப் பழக்கமான குரல். ஆசிரியர் அம்மையார். "இயக்குநர் சம்மதிச்சுட்டார். ஒண்ணாம் தேதியிலேர்ந்து நீங்களே நேரா எங்களுக்குப் பண்ணலாம். வெள்ளிக்கிழமை கையேடு வந்ததும் உங்க வீட்டுக்காரர்கிட்ட நாங்களே பேசிக்கறோம். அதுதான் அவருக்குக் கடைசி. அதுவரைக்கும் நீங்க எதுவும் சொல்லிக்க வேண்டாம். நீங்க மாதிரிக்கு அனுப்பின பக்கங்களைப் பார்த்தோம், அவர் எழுதினது, உங்க பென்சில் திருத்தம் ரெண்டையும். நாற்பத்து மூணாம் பக்கம் ஒண்ணு போதும்னுட்டார் இயக்குநர். மூடியைத் திறந்த பின் ஆவியை வெளியேற்றவும்னு அவர் எழுதியிருக்கார். யாரோ ஒரு நர்ஸ் முகம் வெந்திருக்கும். நல்ல வேளை நீங்க பார்த்தீங்க. வச்சுடறேன்மா."

"அடுத்த தகவல்" என்றது இயந்திரக் குரல். "இன்று காலை..."

மகளின் கை குறுக்கே வந்தது. ஒரு பொத்தானை அழுத்தினாள். "தகவல் அழிக்கப்பட்டது" என்று அதே பவ்யத்தோடு அறிவித்தது குரல்.

அகராதி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "என்ன அது? யாரு பேசினா?"

"அது உங்களுக்கு வந்தது இல்ல."

"இது என் வீடு. என் போன்."

"கையை விடுங்க அத்தான்" என்றான் மச்சினன். எழுந்து நின்றிருந்தான். அவன் குரலில் இப்போது கெஞ்சல் இல்லை.

கையை விட்டார். நேராக மேஜைக்குப் போனார். மோடத்தின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார்.

"இந்தக் கையேடு போனாத்தானே எனக்குச் சொல்லுவாங்க? போகாது. அவளே வந்து என் முன்னால நின்னு கேட்கட்டும்."

"நாலு இருபத்தஞ்சு" என்றான் மச்சினன். "போகலேன்னா அக்காவுக்கு நஷ்டமில்ல. அவங்க அவளை எடுத்தாச்சு. பதினொரு வருஷத்துல முதல் தடவையா கெடு தவறினவர்னு உங்க பேருதான் இருக்கும். கடைசிக் கையேட்டுல."

அகராதி நாற்காலியில் உட்கார்ந்தார். கையேட்டைத் திறந்து நாற்பத்து மூன்றாம் பக்கத்துக்குப் போனார். 'ஆவி முழுவதும் வெளியேறிய பின்னரே மூடியைத் திறக்கவும்.' சரியாகத்தான் இருந்தது. அந்த 'முழுவதும்', அந்த 'பின்னரே'. அவற்றைத் தான் எழுதியதாக எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. முந்தின பக்கம் போனார். அதற்கு முந்தினது. தண்ணீர் மாதிரி ஓடிய வரிகள் எல்லாம் யாருடையவை என்று இப்போது பிரித்துப் பார்க்க முடிந்தது. கரடுமுரடாக இருந்தவைதான் அவருடையவை.

உள்ளே எழுந்தது வெட்கம் என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கோபம் என்றே எடுத்துக்கொண்டார். கோபம் அவருக்குப் பழகின சொல்.

மணி நாலு நாற்பதுக்கு மின்கம்பியை எடுத்துத் தானே சுவரில் செருகினார்.

முதல் பக்கத்தில் 'மொழிபெயர்ப்பு' என்ற சொல்லுக்கு எதிரே அவர் பெயர் மட்டும் இருந்தது. கர்சர் அங்கே கொஞ்ச நேரம் மினுக்கிக்கொண்டு நின்றது. மச்சினனும் மகளும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அவருக்குத் தெரியும். எதையும் மாற்றாமல் மூடினார்.

"அனுப்பு" என்றார்.

மோடம் கீச்சிட்டது, கரகரத்தது, அடங்கியது. விளக்குகள் மினுக்கத் தொடங்கின. பத்து நிமிஷம் மூவரும் அந்த விளக்குகளையே கவனித்தார்கள். நாலு ஐம்பத்திரண்டுக்குக் கையேடு போய்ச் சேர்ந்தது. மச்சினன் இணைப்பைத் துண்டித்தான்.

துண்டித்த அடுத்த நிமிஷம் போன் மணி அடித்தது.

மகள் ஓடினாள். ஆனால் போனுக்குப் பக்கத்தில் இருந்தவர் அகராதி. எத்தனை மணி அடித்தாலும் அசையாத மனிதர் முதல் மணியிலேயே எடுத்தார். ஒலிபெருக்கியைப் போடவில்லை.

"மொழிபெயர்ப்பாளர் இருக்காங்களா?" என்றது ஓர் ஆண் குரல்.

"பேசறேன். சொல்லுங்க."

"நீங்க இல்ல சார். அம்மாவைக் கேட்டேன்."

"அவ வெளியே போயிருக்கா. நீங்க யாரு?"

"நான் வீட்டுக்காரர் பேசறேன்."

"நானும் வீட்டுக்காரர்தான்."

மறுமுனையில் ஒரு சின்னச் சிரிப்பு. "அப்படியா சார், ரொம்ப நல்லது. காலையிலேயே தகவல் வச்சேன், பதிலே இல்ல. வீட்டுக்கு வெள்ளையடிச்சாச்சு. சாவியை இன்னைக்கு ஆறு மணிக்குள்ள வாங்கிக்கச் சொல்லுங்க. நாளைக்கு நான் ஊர்ல இருக்க மாட்டேன். வேற ரெண்டு பேர் கேட்டுட்டு இருக்காங்க. அம்மாவும் பொண்ணும் மட்டும்தான் குடியிருக்கப் போறதுன்னு சொன்னாங்க, நீங்களும் வர்றதுன்னா தாராளமா வாங்க."

அம்மாவும் பொண்ணும் மட்டும். அகராதி தலையைத் திருப்பி மகளைப் பார்த்தார். அவள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"விலாசம் சொல்லுங்க" என்றார் போனில். குரல் ஆச்சரியமாக நிதானப்பட்டிருந்தது. மோடம் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக்கொண்டார். "அவளை அலைய வைக்க வேண்டாம். நானே வந்து வாங்கிக்கறேன்."

ரிசீவரை வைத்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"எதை வாங்கப் போறீங்க?" என்றான் மச்சினன்.

அகராதி அட்டையைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்தார். அவனைத் தாண்டி, செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்தாமலே படியிறங்கினார்.

"மாமா, சாவி" என்றாள் மகள். "புது வீட்டுச் சாவி. அது அவர் கைக்குப் போச்சுன்னா..."

மச்சினன் பாதிப்படியில் இருந்தான். மகள் போனை எடுத்து மாமா வீட்டு எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் மணி அடித்தது. கீழே ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.

அம்மா போனை எடுக்கவில்லை.